இடது கண் மட்டும் மூன்று நிமிஷம் இருண்டு போனது, யாரிடம் காட்டுவது?

பயின்னாவுங் பருப்புக்கடை:
எல்லோருக்கும் வணக்கம். யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். வயது 61. பயின்னாவுங் சந்தையில் உளுந்து, துவரை மொத்த வியாபாரம். நேற்று காலை கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடை ஷட்டரை இறக்கினது போல மேலிருந்து ஒரு கறுப்பு இறங்கியது. நம் ஊரில் கரண்ட் போவது புதிதா என்ன? ஜெனரேட்டரைப் போடு என்று பையனிடம் கத்தினேன். "கரண்ட் இருக்கே முதலாளி" என்றான். அப்புறம்தான் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தேன். வலது கண் நன்றாகத் தெரிந்தது, இடதில்தான் இருட்டு. வலியே இல்லை. மூன்று நிமிஷத்தில், வந்த வழியே மேலே ஏறிப் போய்விட்டது.

சாயங்காலம் கண்ணாடிக் கடையில் காட்டினேன். பவர் கூடியிருக்கிறது என்று புதுக் கண்ணாடிக்கு எழுதி, முன்பணமும் வாங்கிக்கொண்டார்கள். பத்து வருஷமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன் (ஒழுங்காக என்று சொன்னால் வீட்டுக்காரி சிரிப்பாள்). சுருட்டு, வெற்றிலை உண்டு. சர்க்கரை இல்லை. கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடுமா?

பெகு தம்பி:
அண்ணே, உடம்புச் சூடுதான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிடுங்கள். எங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் சரியானது.

மோல்மேன் நர்ஸம்மா:
ஐயா, சனிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். இதைப் படித்த கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். 32 வருஷம் வார்டில் இருந்தவள் சொல்கிறேன்.

கோளாறு கண்ணில் இல்லாமல் கழுத்தில் இருக்கலாம். தாடைக்குக் கீழே விரல் வைத்தால் துடிக்கிறதே, அந்த கரோட்டிட் குழாயின் உள்சுவரில் கொழுப்பு படிந்திருக்கும். அதிலிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்து, கண்ணுக்குப் போகும் மெல்லிய குழாயில் சிக்கினால் பார்வை இருளும். துணுக்கு கரைந்தோ நகர்ந்தோ போனால் வெளிச்சம் திரும்பும். அடுத்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். முதல் இரண்டு நாள்தான் ஆபத்து அதிகம், உங்களுக்கு ஒரு நாள் போய்விட்டது. கண்ணாடிக் கடைக்காரர்கள் இதைத் தவறவிட்டார்கள் என்பதில் எனக்குக் கோபம்தான். சரி, அது போகட்டும்.

கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பார்கள். ரத்தக்குழாய் கிளை பிரியும் இடத்தில் சில சமயம் மஞ்சளாக மின்னும் துணுக்கு தெரியும், தெரியாவிட்டாலும் நிம்மதி என்று அர்த்தமில்லை. கழுத்துக் குழாயில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன், இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறதா என்று ஈசிஜி, மூளைக்கு எம்ஆர்ஐ, கொலஸ்ட்ரால், சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொல்வார்கள்.

இன்னொன்று. வெற்றிலை மெல்லும்போது தாடை வலித்து, நிறுத்தினால் விட்டுப் போகிறதா? நெற்றிப்பொட்டில் தலைவலி, தலை சீவினால் உச்சி நோவு? இருந்தால் போனவுடனே சொல்லுங்கள். 50 வயதுக்கு மேல் ரத்தக்குழாய் வீங்கும் வியாதி ஒன்று உண்டு. ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தச் சோதனைகளைப் பார்த்து, சந்தேகம் வலுத்தால் மற்ற சோதனைகளுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்குவார்கள். விட்டால் பார்வை நிரந்தரமாகப் போகும், மறு கண்ணும் தப்பாது.

நீங்களாக ஆஸ்பிரின் போட வேண்டாம். மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று அவர்கள் பார்த்துக் கொடுக்கட்டும்.

தௌஞ்ஜி டீச்சர்:
எனக்கும் ஒரு கண் இருண்டிருக்கிறது அக்கா. இருட்டில் ஒருக்களித்துப் படுத்து போன் பார்த்துவிட்டு எழுந்தால் வரும். பயப்பட வேண்டுமா?

மோல்மேன் நர்ஸம்மா:
ஒரு கண் தலையணையில் புதைந்து இருட்டுக்குப் பழகிவிடும், மற்றது போன் வெளிச்சத்தில் சோர்ந்திருக்கும். எழுந்ததும் போன் பார்த்த கண் கொஞ்ச நேரம் குருடு போலத் தோன்றும். 2016இல் லண்டன் டாக்டர்கள்கூட எழுதினார்கள். இரண்டு கண்ணாலும் பார்த்துச் சோதியுங்கள், அப்புறமும் வந்தால் டாக்டரிடம் போங்கள். ஐயாவுடையது பட்டப்பகலில் கடையில் வந்தது, இதோடு சேர்க்காதீர்கள்.

பயின்னாவுங் பருப்புக்கடை:
நர்ஸம்மா எழுதிய அன்று ராத்திரியே மகன் இழுத்துக்கொண்டு போனான். தாடை வலி இல்லை, ஈஎஸ்ஆர் சரி, ஈசிஜியும் சரி. டாப்ளரில்தான் மாட்டினேன், இடது கழுத்துக் குழாய் 75 சதவீதம் அடைப்பு. எம்ஆர்ஐயில் நான் உணராமலே மூளையில் ரத்தம் எட்டாமல் போன ஒரு சின்னப் புள்ளி. 70க்கு மேல் இருப்பதால் குழாயைத் திறந்து கொழுப்பை எடுப்பது நல்லது, கண் இருண்ட நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம் என்கிறார் டாக்டர். பாங்காக் போகலாம் என்கிறான் மகன், சென்னைக்கு வா என்கிறான் மச்சான். விசாவுக்கு அலைந்து நாளைக் கடத்தாதீர்கள் என்கிறார் டாக்டர், நானும் அந்தப் பக்கம்தான். ஆஸ்பிரினும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் தொடங்கியாகிவிட்டது. சுருட்டுப் பெட்டியை வீட்டுக்காரி எங்கேயோ ஒளித்துவிட்டாள்.

கண்ணாடிக்குக் கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்க மகன் போயிருக்கிறான். ஃபிரேம் வந்துவிட்டதாம், தரமாட்டார்களாம்.