டேட்டாலாகரில் வெப்பநிலை எப்போதும் −40 என்றே பதிவாகிறது

கேள்வி:
வணக்கம். மழைமானிக்காக முன்பே நிறுவியிருந்த கேம்ப்பெல் சிஆர்1000 டேட்டாலாகரில் (உணரிகளின் அளவுகளைத் தானே பதிவுசெய்யும் கருவி), காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்க எச்எம்பி60 உணரியைச் சென்ற வாரம் இணைத்தேன். மின்சாரக் கம்பியை எஸ்டபிள்யூ12 முனையிலும், வெப்பநிலைக் கம்பியை முதலாம் சிங்கிள் எண்டட் சேனலிலும் (ஒற்றைக் கம்பியின் மின்னழுத்தத்தைத் தரையை ஒப்பிட்டு அளக்கும் உள்ளீடு), ஈரப்பதக் கம்பியை இரண்டாவதிலும் பொருத்தியிருக்கிறேன். நிரலில் இரண்டுக்கும் பெருக்கும் எண் 0.1, வெப்பநிலைக்கு மட்டும் ஆஃப்செட் (பெருக்கியபின் கூட்டும் எண்) −40. மூன்று நாள்களாக வெப்பநிலை −40, ஈரப்பதம் 0 என்பதைத் தவிர வேறெதுவும் பதிவாகவில்லை. பேட்டரியில் 12.6 வோல்ட் இருப்பதை மல்டிமீட்டரில் சரிபார்த்துவிட்டேன். உணரி பழுதாகிவிட்டதா?

மறுமொழி 1:
உணரியைக் குறைசொல்லும் முன் அந்த −40 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இந்த உணரி −40 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பநிலையை 0 முதல் 1000 மில்லிவோல்ட்டாகத் தருகிறது. ஆகவே டேட்டாலாகர் 0 மில்லிவோல்ட்டைப் படித்தால், அதை 0.1ஆல் பெருக்கி 40ஐக் கழித்து −40 என்றுதான் எழுதும். இரண்டு சேனல்களும் ஒரே நேரத்தில் சுழியமாக இருப்பதால், உணரிக்கு மின்சாரமே போகவில்லை என்று கருதுகிறேன். எஸ்டபிள்யூ12 என்பது நிரல் கட்டளையிட்டால் மட்டுமே திறக்கும் முனை. அளவீட்டுக்கு முன் அதை இயக்கி, உணரி நிலைகொள்ள இரண்டு நொடி அவகாசம் கொடுத்து, அளந்தபின் அணையுங்கள். மின்னழுத்தத்தைப் பேட்டரியில் பார்த்துப் பயனில்லை, அந்த முனையிலேயே பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, நிரலில் அந்தக் கட்டளை இல்லவே இல்லை. சேர்த்தபின் முனையில் 12 வோல்ட் வருகிறது. ஆனால் இப்போது இரண்டு அளவுகளும் 'என்ஏஎன்' (எண் அல்ல) என்று பதிவாகின்றன.

மறுமொழி 2:
சேனலின் மின்னழுத்தத்தை அளக்கும் வோல்ட்எஸ்இ கட்டளையில் அளவீட்டு வரம்பாக எதைக் கொடுத்திருக்கிறீர்கள்? 250 மில்லிவோல்ட் என்றிருந்தால் காரணம் அதுவே. 30 டிகிரி வெப்பத்தில் உணரி 700 மில்லிவோல்ட் அனுப்பும். வரம்பை மீறிய அளவை டேட்டாலாகர் எண்ணாக ஏற்காது. உணரி அணைந்திருந்தபோது வந்த சுழியம் வரம்புக்குள் அடங்கியதால்தான் இந்தப் பிழை இதுவரை ஒளிந்திருந்தது. வரம்பை 2500 ஆக மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
வேறொரு நிரலிலிருந்து அந்த வரியை அப்படியே எடுத்தது என் தவறு. இப்போது 31.4 டிகிரி, 68 விழுக்காடு என்று சரியாக வருகிறது. விடியற்காலையில் மட்டும் ஈரப்பதம் 101ஐத் தொடுகிறது.

மறுமொழி 1:
பனி படியும் நேரத்தில், உணரியின் துல்லிய எல்லைக்குள் அது இயல்பானதே. 100க்கும் 108க்கும் இடைப்பட்டதை 100 என்று பதியுமாறு நிரலில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். அதற்கும் மேலே போனால் திருத்தாமல் விட்டுவையுங்கள், உணரி கெடுவதை அந்த எண்தான் காட்டிக்கொடுக்கும். கதிர்வீச்சுத் தடுப்புக் கூட்டுக்குள்தானே உணரியை வைத்திருக்கிறீர்கள்? வெயிலில் நேரடியாகத் தொங்கினால் பகல் வெப்பநிலை எதையும் நம்ப முடியாது.