பன்னிரண்டு வீட்டு வாட்ஸ்அப் குழு, 22 மே 2021

சனிக்கிழமை, மாலை 5:14

சுந்தரம் ஏ1: அனைவருக்கும் வணக்கம். டிவியில் பார்த்திருப்பீர்கள். 24ஆம் தேதி திங்கள் முதல் ஒரு வாரத்துக்குத் தளர்வே இல்லாத கொரோனா ஊரடங்கு. காலை 10 மணி வரை திறந்துவைத்த மளிகைக் கடையும் இனிக் கிடையாது. பால், மருந்து, குடிநீர், பேப்பர் உண்டு. காய்கறியும் பழமும் வண்டியில் தெருவுக்கே வருமாம், தோட்டக்கலைத் துறையும் மாநகராட்சியும் ஏற்பாடு செய்கிறார்கள். இன்று இரவு 9 வரையும், நாளை காலை 6 முதல் இரவு 9 வரையும் கடை இருக்கும். என் வேண்டுகோள் என்னவென்றால் 12 வீட்டிலிருந்தும் 12 பேர் ஓட வேண்டாம். ஒருவர் போய் எல்லோருக்கும் வாங்கி வரட்டும். யாருக்கு என்ன வேண்டும் என்று கீழே எழுதுங்கள். அளவோடு எழுதுங்கள். போன வருஷம் வாங்கிய ரவையே சில வீடுகளில் வண்டு பிடித்தது.

பிரியா பி3: நாதமுனி தியேட்டர் பக்கம் இப்போதே செம கூட்டம் அங்கிள்

மைதீன் சி1: நான் போகிறேன் சார். பைக் இருக்கிறது. லிஸ்ட் போடுங்கள்.

கோபால் ஏ2: பொன்னி அரிசி 10 கிலோ, துவரம் பருப்பு 1 கிலோ, நல்லெண்ணெய்

கோபால் ஏ2: பருப்பு 2

பிரியா பி3: பிரெட், முட்டை. கிடைத்தால் மேகி, மைதீன் பாய்

மைதீன் சி1: பைக்கில் முட்டை உடையும் பிரியா. காலையில் நடந்து போய் வாங்கித் தருகிறேன்.

கமலா சி2: எனக்கு உளுந்து அரை கிலோ போதும். அது இருக்கட்டும். பால்காரர் சொன்னார், காலையில் நம் ஃப்ளாட்ஸிலிருந்து யாரையோ ஆம்புலன்ஸில் ஏற்றினார்களாம். யார்? எனக்குப் படபடப்பாக வருகிறது.

கோபால் ஏ2: பி2 என்று கேள்வி

சுந்தரம் ஏ1: உறுதி செய்யாமல் யார் பெயரையும் போட வேண்டாம் என்று சென்ற மாதமே சொல்லியிருக்கிறேன்.

கமலா சி2: எல்லோருக்கும் ஒரே டேங்க் தண்ணீர்தானே? தண்ணீரில் வராதா?

மைதீன் சி1: கமலாம்மா, பதறாதீர்கள். லில்லி சிஸ்டர் டியூட்டி முடிந்து வரட்டும், கேட்போம்.

சுமதி பி2: ஆம்புலன்ஸ் எதுவும் வரவில்லை. என் வீட்டுக்காரருக்குத்தான் காய்ச்சல். டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்தது. மாநகராட்சி வண்டி வந்து ஸ்கிரீனிங் சென்டருக்கு அழைத்துப் போனது. அங்கே பார்த்துவிட்டு வீட்டிலேயே இருக்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஆக்ஸிஜன் 96. சாயங்காலம் நானே எழுதுவதாக இருந்தேன். உடனே சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது.

பிரியா பி3: ஐயோ ஆன்ட்டி. என்ன வேண்டும் சொல்லுங்கள்

பிரியா பி3: என்ன காரணம்?

சுமதி பி2: நீ அப்போது இங்கே குடிவரவில்லை. போன வருஷம் மே மாதம் கோயம்பேட்டில் பரவுகிறது என்று மார்க்கெட்டை மூடி, கடைகளைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். அவர் கோயம்பேட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கிறார் என்பதால் மாடிப்படிக் கைப்பிடியைத் தொடக் கூடாது என்று இதே குழுவில் எழுதினார்கள். அவருக்கு அப்போது நெகட்டிவ். எதிர்த் தெருவில் கொரோனா வந்த ஒரு வீட்டு வாசலைத் தகரம் அடித்து மூடியதைப் பார்த்து என் அம்மா சாப்பிடாமல் கிடந்தாள். அந்தப் பயம்தான்.

மைதீன் சி1: அதை விடுங்கள் அக்கா இப்போது.

சுமதி பி2: விட்டாயிற்று பாய். கேட்டாள், சொன்னேன்.

கோபால் ஏ2: காய்ச்சல் எத்தனையாவது நாள்?

சுமதி பி2: நாலாவது நாள்.

கோபால் ஏ2: சிடி ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. ரெம்டெசிவிர் ஊசியும் சொல்லி வைக்கலாம். என் மைத்துனன் கீழ்ப்பாக்கத்தில் வரிசையில் நின்று வாங்கினான்.

மாலை 6:40

லில்லி சி3: இப்போதுதான் வந்தேன். எல்லாவற்றையும் படித்தேன். கமலாம்மா, தண்ணீரில் வராது. மூடிய அறையில் மூச்சுக் காற்றில்தான் முக்கியமாகப் பரவுகிறது. எல்லோரும் படிக்கட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள், அங்கே நின்று பேசாதீர்கள், முகக்கவசம் மூக்குக்கு மேல் இருக்கட்டும். கைப்பிடியைப் பற்றிக் கவலை வேண்டாம், வீட்டுக்குள் போனதும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

லில்லி சி3: கோபால் சார், லேசான நோய்க்கு சிடி வேண்டாம் என்று எய்ம்ஸ் இயக்குநர் குலேரியாவே இந்த மாதம் சொன்னார். ரெம்டெசிவிர் வீட்டில் போடுகிற ஊசி இல்லை. இப்போது மருத்துவமனைகளுக்கே நேரடியாகக் கொடுக்கிறார்கள், வரிசையும் இல்லை.

கோபால் ஏ2: சரி சிஸ்டர்

கமலா சி2: கற்பூரம், நொச்சி போட்டு மூன்று வேளை ஆவி பிடித்தால் நுரையீரலில் இருப்பது செத்துவிடுமாம். அனுப்பட்டுமா?

லில்லி சி3: வேண்டாம் கமலாம்மா. டாக்டரைக் கேட்காமல் ஆவி பிடிக்காதீர்கள் என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியனே சொல்லியிருக்கிறார். கொதிக்கிற பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

சுந்தரம் ஏ1: ஆக்ஸிமீட்டர் பற்றி ஒரு விளக்கம். பெரம்பூரில் வேலை பார்த்த நாளிலேயே எனக்கு அளவுக் கருவிகளோடு பழக்கம் உண்டு. இது விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விடுகிறது. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டு ஒளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அந்த வித்தியாசத்தை மறுபக்கம் உள்ள சென்சார் கணக்கிடுகிறது. ஆகவே விரல் அசைந்தாலோ, நகப்பூச்சு இருந்தாலோ, கை ஜில்லென்று இருந்தாலோ தவறாகக் காட்டும்.

மைதீன் சி1: சார், கடை வாசலில் நிற்கிறேன். நல்லெண்ணெய் யாருக்கு, எத்தனை லிட்டர்?

கோபால் ஏ2: எனக்கு. 1

லில்லி சி3: சார் சொன்னது சரி. சுமதி, உன்னிடம் மெஷின் இருக்கிறதா?

சுமதி பி2: கார்த்திக்கின் நண்பன் வீட்டிலிருந்து வாங்கியது. நாளைக்குத் திருப்பித் தர வேண்டும்.

லில்லி சி3: கொடுத்துவிடு. என்னுடையதை ஸ்பிரிட்டில் துடைத்துக் கவரில் போட்டுக் கதவில் மாட்டுகிறேன். நாலாவது நாள் என்றால் இனி வரும் ஒரு வாரம்தான் கவனிக்க வேண்டியது. காய்ச்சல் குறைந்துவிட்டது என்று அளவு பார்ப்பதை நிறுத்தாதே. நோட்டில் மணியோடு எழுது.

சுமதி பி2: எனக்கு இருக்கிற ஒரே பயம் அம்மா. 74 வயது. எங்கள் வீட்டில் ஒரே பாத்ரூம்.

இதைப் படித்தபின் ஐந்தாறு நிமிடம் யாரும் எழுதவில்லை.

பிரியா பி3: பி4 பூட்டித்தானே கிடக்கிறது? பாட்டி அங்கே இருக்கலாமே

லில்லி சி3: நல்ல யோசனை. ஆனால் பாட்டிக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும். ரிசல்ட் வரும்வரை நாம் யாரும் உள்ளே போய் உட்காரக் கூடாது.

சுந்தரம் ஏ1: சாவி என்னிடம் இருக்கிறது. உரிமையாளர் சம்மதம் இல்லாமல் திறப்பது முறையல்ல. ராஜன் சார் பெங்களூரில் இருக்கிறார், இந்தக் குழுவிலும் இருக்கிறார், பார்த்துச் சொல்லட்டும்.

ராஜன் பி4: தாராளமாக இருக்கட்டும். கட்டில் இருக்கிறது, ஃபேன் ஓடும். ஆனால் தண்ணீர்? மெயின்டனன்ஸ் பாக்கி கட்டவில்லை என்று வால்வை மூடிவிட்டதாக நீங்கள்தானே கடிதம் போட்டீர்கள்?

சுந்தரம் ஏ1: பொதுக்குழு எடுத்த முடிவு அது. என் சொந்த முடிவு அல்ல. 11 மாத பாக்கி.

ராஜன் பி4: 8 மாதம். ரசீது இருக்கிறது.

மைதீன் சி1: வால்வு மொட்டை மாடியில்தானே? நான் வந்து திறக்கிறேன். பாக்கியை அப்புறம் பேசுங்கள்.

சுந்தரம் ஏ1: திறக்கலாம். இதனால் பாக்கி தள்ளுபடி என்று ஆகாது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

சுமதி பி2: ராஜன் சார், ரொம்ப நன்றி.

பிரியா பி3: ராத்திரி சாப்பாடு நான் வைக்கிறேன் ஆன்ட்டி. எனக்கு ரசமும் பீன்ஸ் பொரியலும்தான் வரும்

லில்லி சி3: வாசலில் ஒரு ஸ்டூல் போடு சுமதி. பிரியா வைத்துவிட்டு மணி அடித்துக் கீழே இறங்கியபின் நீ கதவைத் திற. பாத்திரம் திரும்ப வர வேண்டாம், உன் வீட்டிலேயே இருக்கட்டும். அவருடைய குப்பையை மஞ்சள் பையில் தனியாகக் கட்டு, அதை எடுக்க ஆள் வருவார்கள்.

கமலா சி2: நாளை இட்லி நான் தருகிறேன். பாட்டிக்கு என் கை இட்லி பிடிக்கும்.

கமலா சி2: நான் தனியாக இருக்கிறேன். எனக்கு வந்தால் யார் பார்ப்பது? மகன் துபாயிலிருந்து வர முடியாது. தடுப்பூசி இரண்டாவது போடவும் நாள் தள்ளிப்போகிறது. நடிகர் விவேக்குக்கு ஆனதை நினைத்தாலே கை நடுங்குகிறது.

லில்லி சி3: கமலாம்மா, விவேக் சாருக்கு வந்தது மாரடைப்பு. ஊசியால் இல்லை என்று அப்போதே விளக்கம் கொடுத்தார்கள். நீங்கள் போட்டது கோவிஷீல்டு, மார்ச் கடைசியில். அதற்கு இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று இந்த மாதம் 13ஆம் தேதி மாற்றிவிட்டார்கள். தள்ளிப்போகவில்லை, ஜூன் கடைசியில் நானே கூட்டிப்போகிறேன்.

சுமதி பி2: கமலாம்மா, தினமும் காலை 8 மணிக்கு நான் உங்களுக்கு போன் செய்கிறேன். எனக்கும் பேச ஆள் வேண்டும்.

கோபால் ஏ2: ராத்திரி 9 மணிக்கு நான் செய்கிறேன்.

கமலா சி2: நீ பேசினால் அரசியல் பேசுவாய் கோபால்.

கோபால் ஏ2: சீரியல் பேசுகிறேன்

இரவு 9:52

கார்த்திக் பி2: லில்லி ஆன்ட்டி அவசரம். அப்பாவுக்கு 88 காட்டுகிறது. அம்மா அழுகிறாள்

கோபால் ஏ2: 108 கூப்பிடட்டுமா? கேட்டருகில் என் கார் நிற்கிறது, உடனே எடுக்கிறேன்

சுந்தரம் ஏ1: ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு 104இல் அரசு வார் ரூம் இருக்கிறது. 108 ஆம்புலன்ஸ். மாநகராட்சி 1913. மூன்றையும் எல்லோரும் போனில் பதிந்துவைக்க வேண்டும்.

லில்லி சி3: ஒரு நிமிடம் எல்லோரும் நிறுத்துங்கள். கார்த்திக், மூச்சு வாங்குகிறாரா? முழு வாக்கியமாகப் பேசுகிறாரா?

கார்த்திக் பி2: பேசுகிறார். ஏன்டா கத்துகிறாய் என்று கேட்கிறார்

லில்லி சி3: மெஷினை போட்டோ எடுத்துப் போடு.

கார்த்திக் பி2: [படம்]

லில்லி சி3: இரண்டு எண் இருக்கிறது பார். சதவீதக் குறி உள்ள பக்கம் 95. அதுதான் ஆக்ஸிஜன். 88 நாடித்துடிப்பு. காய்ச்சலில் அவ்வளவு இருக்கும். இப்போது அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கட்டும், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும். பிறகு நடுவிரலில் மாட்டி, எண் ஏறி இறங்காமல் நிற்கும்வரை காத்திரு.

கார்த்திக் பி2: 96

லில்லி சி3: நல்லது. அம்மாவுக்குத் தண்ணீர் கொடு. 94க்குக் கீழே போய் அங்கேயே நின்றால் என்னைக் கூப்பிடு, மணி என்னவாக இருந்தாலும். டாக்டரிடம் பேசி, தேவைப்பட்டால் குப்புறப் படுக்கவைக்கலாம். கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடைவரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே கெண்டைக்காலில் இரண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் கூடாது.

பிரியா பி3: தலையணை எங்கள் வீட்டில் கூடுதலாக இருக்கிறது, ஸ்டூலில் வைக்கிறேன்

கோபால் ஏ2: கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி போய்விட்டது.

மைதீன் சி1: அந்தக் கார் அங்கே நின்றால் ஆம்புலன்ஸ் உள்ளே திரும்பாது அண்ணா. மூன்று வருஷமாகச் சொல்கிறோம்.

கோபால் ஏ2: என் பார்க்கிங்கில் ஜெனரேட்டரை வைத்தது யார்?

சுந்தரம் ஏ1: அது வேறு விவகாரம். 2018 கூட்டக் குறிப்பில் இருக்கிறது, எடுத்துப் போடுகிறேன்.

லில்லி சி3: சார், இன்றைக்கு வேண்டாம்.

கோபால் ஏ2: காலை 6:30க்குத் தள்ளிவிடலாம். இரண்டு பேர் வேண்டும்.

மைதீன் சி1: நான்

பிரியா பி3: நான்

சுமதி பி2: அவர் சொல்கிறார், காய் வண்டிக்காக யாரும் தெருவில் கூட்டமாக நிற்க வேண்டாமாம். மண்டியில் இருக்கும் தம்பியிடம் சொல்லி 12 வீட்டுக்கும் பை பையாகக் கட்டி அனுப்பச் சொல்கிறாராம். மண்டி விலைதான். கோபால் அண்ணா, உங்கள் வீட்டுக்கு என்ன?

கோபால் ஏ2: எது வந்தாலும் சரிம்மா. அவரை முதலில் தூங்கச் சொல்.

சுந்தரம் ஏ1: பணத்தை எப்படிப் பிரிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். வீட்டுக்கா, தலைக்கா?

ராஜன் பி4: பூட்டிய வீட்டுக்கும் உண்டா?

மைதீன் சி1: மாடி வால்வு துருப்பிடித்திருக்கிறது. திரும்பவில்லை. காலையில் ஸ்பேனர் யாரிடம் இருக்கிறது?

கமலா சி2: கொத்தமல்லி இருந்தால் எனக்கு ஒரு கட்டு. இட்லிக்குச் சட்னி அரைக்க வேண்டும்.