மெட்டாலிகா சிலந்தியைப் பெரிய தொட்டிக்கு மாற்றுவது எப்படி?

நீலக்கால்:
வளர்ப்பில் பிறந்த பொயெசிலோதீரியா மெட்டாலிகா (மரத்தில் வாழும் நீல நிற டாரன்டுலா சிலந்தி), கால் விரிவு 7 செ.மீ. டப்பாவின் மூடி வரை வலை பின்னிவிட்டதால் திறந்தாலே கூடு கிழிகிறது. 20×20×30 செ.மீ. முன்கதவுத் தொட்டி தயார். ஓடவிடாமல் மாற்ற வழி சொல்லுங்கள். ஈரப்பதம் எவ்வளவு வேண்டும்?

மரப்பொந்து:
பகலில், நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள். வெளிச்சத்தில் இது பொந்தை விட்டு எளிதில் வெளியே வராது. டப்பா, புதுத் தொட்டி இரண்டையும் ஆழமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். அறைக் கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி அடையுங்கள். சிலந்தி எங்கே இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்காமல் மூடியைத் தொடவே கூடாது.

ஒளிந்துகொள்ள வைத்த மரப்பட்டைக் குழாய்க்குள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 30 செ.மீ. இடுக்கியால் இரு முனையிலும் டிஷ்யூ தாளைத் திணித்து, சுவரில் ஒட்டிய வலையை அறுத்து, குழாயை அப்படியே புதுத் தொட்டியில் வைத்துத் தாளை உருவுங்கள். வெளியே இருந்தால் முன்னால் அகலமான கப்பைப் பிடித்து, மென்தூரிகையால் பின்னங்காலை லேசாகத் தொடுங்கள். முன்பக்கம் தொட்டால் காலை உயர்த்திப் பாயும். ஊதாதீர்கள், மூச்சுக்காற்று பட்டாலே ஓடும். ஓடினால் துரத்த வேண்டாம். சில நொடியில் களைத்து நிற்கும், அப்போது கப்பைக் கவிழ்த்துவிடலாம்.

கண்மாய்:
ஈரப்பதமானியின் எண்ணைத் துரத்தாதீர்கள். இதன் சொந்த இடமான ஆந்திராவின் நந்தியால், கித்தலூர் பக்கத்து இலையுதிர் காடு மழையும் வறட்சியும் மாறி மாறி வரும் இடம். 7 செ.மீ. தென்னைநார்த்தூள் போட்டு ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், மற்றது காயட்டும். எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுத்துளை கட்டாயம். தேங்கிய ஈரக்காற்றுதான் பூஞ்சையையும் சாவையும் கொண்டுவரும். 22 முதல் 27 டிகிரி செல்சியஸ் போதும். பட்டையைக் கதவிலிருந்து தள்ளிச் சாய்த்து, அடிமுனையை மண்ணில் புதையுங்கள். இல்லையென்றால் கதவோரத்திலேயே கூடு கட்டிவிடும். ஒரு வாரம் இரை வேண்டாம். அதன்பின் போடும் கிரிக்கெட் பூச்சியைத் தின்னாவிட்டால் மறுநாளே எடுத்துவிடுங்கள். தோலுரிக்கும் சிலந்தியைக் கடித்துக் குதறும்.

மரப்பொந்து:
கடியைப் பற்றியும் சொல்லவேண்டும். பொயெசிலோதீரியா பேரினத்துக்கு, எதிரியின் மேல் உதறிவிடும் அரிப்பு முடி கிடையாது, விஷம்தான் தற்காப்பு. கடுமையான வலியும், நாள்கள் கழித்தும் திரும்ப வரும் தசைப்பிடிப்பும் இருக்கும், முறிமருந்து இல்லை. மோதிரத்தைக் கழற்றி, சோப்பால் கழுவி, மருத்துவமனைக்குப் போங்கள். அறிவியல் பெயரை எழுதித் தொட்டியில் ஒட்டிவையுங்கள், மருத்துவருக்கு அது தேவைப்படும். ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்: 2019 முதல் இந்தப் பேரினமே சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. காட்டில் பிடித்ததை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.