ராயபுரம் முதல் எண்ணூர் வரை பழைய கடற்கரைப் படங்கள்: ஆண்டையும் இடத்தையும் எப்படிப் பிடிப்பது?

வடகரை:
ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒரு கட்டு சேர்ந்திருக்கிறது. பின்பக்கம் "கடற்கரை, மெட்ராஸ்" என்பதைத் தவிர ஒன்றும் எழுதவில்லை. சிலவற்றில் அகல மணலும் கட்டுமரமும், சிலவற்றில் கரை முழுக்கப் பாறை. வரிசைப்படுத்தி, இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்து, குப்பத்து மக்கள் பார்க்கும்படி காட்சிக்கு வைக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

அலைக்கோடு:
கல்லிலிருந்து தொடங்குங்கள். ராயபுரத்துக்கு வடக்கே இயற்கைப் பாறை கிடையாது, எல்லாம் மணல் கரை. நீங்கள் பாறை என்று சொல்வது குவாரியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய கருங்கல். ஏன் கொட்டினார்கள் என்பதுதான் இந்தக் கரையின் வரலாறே. 1876இல் துறைமுகம் கட்டத் தொடங்கி அதன் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும், தெற்கிலிருந்து வடக்கே அலையோடு நகரும் மணல் அங்கேயே தேங்கிவிட்டது. மெரினா அகன்றது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் வரவேண்டிய மணல் வராமல் கரை அரித்தது, குப்பங்கள் வீடுகளை இழந்தன. அரிப்பைத் தடுக்கத்தான் கல்.

ஆக, நீளமாகக் கல் தெரிந்தால் அது துறைமுகத்துக்குப் பிந்திய படம். கரையிலிருந்து கடலுக்குள் குறுக்கே நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு தெரிந்தால் பெரும்பாலும் 2000க்குப் பிறகு. ஆனால் மணல் இருப்பதாலேயே பழைய படம் என்று முடிவுகட்டாதீர்கள். இரண்டு தூண்டில் வளைவுக்கு நடுவே மணல் திரும்பச் சேரும்.

தெற்கு நோக்கிய படமென்றால் அடிவானத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். உயர் நீதிமன்றக் கோபுரம் தெரிந்தால் 1892க்குப் பிறகு. அதன் உச்சியில் கலங்கரை விளக்கம் 1894 முதல் எரிந்தது, 1977இல் மெரினாவுக்கு மாறியது. படகும் உதவும்: கயிறு போட்டுத் தைத்த மசூலாப் படகு பழைய காலம், வெளிப்பொருத்து மோட்டார் வைத்த ஃபைபர் படகு 1980களுக்கு முன் இராது.

உப்புக்காற்று:
கரை அகலத்தை ஒப்பிடும்போது பருவத்தை மறக்க வேண்டாம். தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். ஜூன் படத்தையும் ஜனவரி படத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டு "கரை போய்விட்டது" என்று எழுதினால் தவறான தகவலாகிவிடும். ஓதமும், அதாவது கடல் நீர்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கமும், உண்டு: சரிவு 10க்கு 1 என்றால், நீர்மட்டம் 1 மீட்டர் ஏறினாலே 10 மீட்டர் கரை மறையும். ஈரமும் காய்ந்த மணலும் சேரும் கோட்டை வைத்து அளப்பது நல்லது.

நிழலும் பருவம் சொல்லும். நண்பகல் நிழல் தெற்கே விழுந்தால் ஏப்ரல் கடைசிக்கும் ஆகஸ்ட் நடுவுக்கும் இடையில் எடுத்த படம். அப்போது சென்னையில் உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும்.

வடகரை:
நன்றி. மறுபடி எடுக்கும்போது ஜூம் போட்டுச் சரிசெய்தாலும் பழைய படத்தோடு பொருந்தவில்லை. இன்னொன்று, ஒரு படத்தில் கரை வடக்கே போகிறது என்று நினைக்கிறேன், கடலோ இடப்பக்கம்.

அலைக்கோடு:
ஜூம் எல்லாவற்றையும் ஒரே அளவில் பெரிதாக்கும், அவ்வளவுதான். அருகில் ஒன்று, தூரத்தில் ஒன்று என நிலையான இரண்டு பொருளைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக ஒரு கட்டடத்தின் மூலையும், அதன் பின்னால் தெரியும் புனித இராயப்பர் ஆலயக் கோபுரமும். மூலைக்கும் கோபுரத்துக்கும் உள்ள இடைவெளி படத்தில் உள்ளபடி வரும்வரை இடம் வலம் நகருங்கள். இரண்டின் உயர விகிதம் ஒத்துவரும்வரை முன்னும் பின்னும் நடங்கள். அதற்கப்புறம் ஜூம். பழைய இடம் இப்போது கடலுக்குள் இருந்தால், அந்தக் கோட்டிலேயே கரையில் கிடைக்கும் அருகான புள்ளியில் நின்று எடுத்து, தள்ளி நின்ற தூரத்தைப் படத்தின் கீழ் எழுதிவிடுங்கள். கல்லின் மேல் ஏற வேண்டாம், பாசியில் வழுக்கி இடுக்கில் கால் மாட்டும்.

கடல் விஷயம்: நம் கரையில் வடக்கே பார்த்தால் கடல் வலப்பக்கம் இருக்க வேண்டும். இடப்பக்கம் என்றால் தெற்கே பார்க்கும் படம், இல்லையேல் கண்ணாடி நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். பெண்களின் முந்தானையைப் பாருங்கள். எல்லோருக்கும் வலத்தோளில் இருந்தால் திருப்பிய அச்சு.

உப்புக்காற்று:
ஸ்கேன் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்கவே கூடாது, மேல்பூச்சு கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும், கண்ணாடியோடேயே எடுங்கள். பூஞ்சையை ஈரத்துணியால் துடைத்தாலும் அதே கதிதான். நன்றாக உலரவைத்து மென்மையான தூரிகையால் தட்டினால் போதும்.