மறுமொழி: பல்திமிங்கிலங்களின் உட்செவி – ‘புரி’, ‘செவிச்சோழி’ என இரண்டு சொற்கள்

அண்ணாச்சிக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம். தம்பி மொழிபெயர்க்கும் திமிங்கிலக் கட்டுரையில், உட்செவியில் ஒலியை உணரும் சுருளுக்கு (cochlea) என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் அண்ணாச்சி கேட்டது இது:

> ‘நத்தைச்சுருள்’ ஏற்கெனவே புழங்குகிற சொல். பிள்ளைகள் படித்துப் பழகியதை எதற்காகக் கலைக்க வேண்டும்?

மனித உடலைப் பற்றி மட்டும் எழுதுவதாக இருந்தால் அண்ணாச்சி சொல்வதற்கு மறுபேச்சே இல்லை. நம் உட்செவியில் அந்தச் சுருள் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று. அதை ஒருமுறை சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். தம்பி மொழிபெயர்க்க எடுத்திருப்பதோ வேறு சங்கதி. பல்திமிங்கிலங்கள், அவற்றில் சேர்ந்த ஓங்கில் (டால்பின்), கடற்பன்றி (porpoise) ஆகியவற்றின் உட்செவி இனத்துக்கு இனம் எப்படி மாறுகிறது என்பதுதான் அந்தக் கட்டுரையின் உயிர். எத்தனை சுற்று, சுற்றுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, அடியில் உள்ள சுற்று எவ்வளவு அகலம் என்ற கணக்குகளே வரிக்கு வரி வருகின்றன. ‘நத்தைச்சுருளின் முதல் சுருளின் வெளிச்சுருள் தகடு’ என்று வரைவில் ஓரிடத்தில் இருக்கிறது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நமக்கே தலை சுற்றும்.

ஆகவே உறுப்புக்கு ஒரு சொல், அதன் சுற்றுக்கு வேறொரு சொல் வேண்டும். உறுப்பைச் ‘செவிச்சுருள்’ என்று வைத்துக்கொள்ளலாம். நத்தைதான் வேண்டும் என்றால் அது இருந்துவிட்டுப் போகட்டும், எனக்குச் சண்டை இல்லை. சுற்றுக்கு நான் கேட்பது ‘புரி’. கயிற்றில் புரி என்பது இழையை அல்லவா குறிக்கிறது என்று யாராவது மடக்குவதற்குள் சொல்லிவிடுகிறேன்: நான் எடுப்பது சங்கின் புரி. வலம்புரி, இடம்புரி என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் கரையில் இதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது. ‘சுற்று’ என்றே விடலாமே என்பவர்களுக்கு: ‘அடிச்சுற்று’ என்று எழுதினால் அடிச்சுற்றளவு என்றுதான் வாசிப்பார்கள். ‘அடிப்புரி’ அப்படி மயங்காது. நுனிப்புரி, புரியிடை, ஒன்றரைப் புரி, அரைப்புரி என்று வேண்டியபடி கிளைக்கவும் செய்யும். கிளைக்காத கலைச்சொல்லை வைத்துக்கொண்டு அகராதியை நிரப்பலாம், கட்டுரை எழுத முடியாது.

இந்தச் சொற்களைக் கட்டுரையின் மையமான பத்தியில் போட்டுப் பார்த்தேன். பாலூட்டிகளின் செவிச்சுருளுக்குள் நீளவாக்கில் ஓடும் அடிச்சவ்வு, அடிப்புரியில் குறுகித் தடித்து விறைப்பாக இருக்கும்; உயர்ந்த அதிர்வெண்கள் அங்கே உணரப்படும். நுனிப்புரிக்குப் போகப் போக அது அகன்று மெலியும். தாழ்ந்த ஒலிகளுக்கு அந்த இடம். பல்திமிங்கிலங்களில் இந்தச் சவ்வின் உள்விளிம்பை மட்டுமல்லாமல் வெளிவிளிம்பையும் ஓர் எலும்புத் தகடு பிடித்திருக்கிறது. கடற்பன்றியில் அந்த வெளித்தகடு சுருளின் பெரும்பகுதிவரை கூடவே வருகிறது. ஓங்கிலில் அது சீக்கிரமே நின்றுவிடுகிறது. திமிங்கிலக் காதுகளை ஆராய்ந்த டார்லீன் கெட்டன் 1990-இல் பல்திமிங்கிலச் செவிச்சுருள்களை முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரித்ததில் இந்தத் தகட்டின் நீளத்துக்கு முக்கியப் பங்கு உண்டு; கடற்பன்றி முதல் வகை. வடகடலின் துறைமுகக் கடற்பன்றி எழுப்பும் சொடுக்கொலி 130 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது. நம் காது 20-ஐத் தாண்டுவதில்லை. அவ்வளவு உயரத்தில் கேட்க வேண்டுமானால் சவ்வு இருபுறமும் இழுத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். அமேசான் ஆற்று ஓங்கில் உறவுமுறையில் கடற்பன்றிக்கு எட்டத்தில் இருந்தும் அதன் செவி முதல் வகையிலேயே சேர்கிறது. பெயரைப் பார்த்து வகை சொல்ல முடியாது என்பதால் தம்பி அந்த இடத்தைச் சுருக்காமல் முழுதாக மொழிபெயர்ப்பது நல்லது.

உட்செவியில் உடலின் சமநிலையை உணரும் அரைவட்டக் குழல்களுக்குப் புதுச்சொல் வேண்டாம், இருப்பதே போதும். அவை திமிங்கிலங்களில் வியக்கத்தக்க அளவுக்குச் சிறுத்திருக்கின்றன, நீலத்திமிங்கிலத்தின் குழல்கள் மனிதனுடையவற்றைவிடச் சிறியவை என்ற செய்தியை மட்டும் அடிக்குறிப்புக்குத் தள்ளாமல் பத்திக்குள் கொண்டுவரலாம்.

இனி, உட்செவியை ஒட்டிய ஓட்டெலும்புக்கு (tympanic bulla) குழுவில் இரண்டு நாளாக ஓடும் ‘செவிக்குமிழ்’. இதை நான் ஏற்கவில்லை. bulla என்ற மூலச்சொல்லுக்குக் குமிழி என்று பொருள் இருக்கிறது என்பதற்காக நாமும் குமிழ் என்று எழுதினால், பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்கள் வைத்த பெயராகிவிடும். எங்கள் கல்லூரியின் கண்ணாடிப் பேழையில் ஓங்கிலின் அந்த எலும்பு ஒன்று இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும், ஆனால் எடுத்தவுடன் அதன் கனம் கையை ஏமாற்றும், எலும்பு இவ்வளவு கனக்குமா என்று தோன்றும். நகத்தால் தட்டினால் பீங்கான் ஒலி. ஒருபக்க விளிம்பு உருண்டு தடித்து வழவழவென்று இருக்கிறது. எதிர்ப்பக்க விளிம்பு மெல்லிய ஓடாக வளைந்து அதை நோக்கி வருகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பிளவு. பல்லாங்குழி ஆடியவர் எவரும் இதைச் சோழி என்றுதான் சொல்வார். ஆகவே ‘செவிச்சோழி’. தடித்த விளிம்புக்குத் ‘தடியிதழ்’.

தடியிதழுக்குத் தனிச்சொல் எதற்கு என்று கேட்பீர்கள். திமிங்கிலக் குலத்தையே அடையாளம் காட்டும் உறுப்பு அது. ஜம்மு பகுதியின் காலாகோட்டில் கிடைத்த புதைபடிவங்களைக் கொண்டு நம் நாட்டுப் புவியியலாளர் ரங்கா ராவ் 1971-இல் இந்தோகையஸ் என்ற சிறு குளம்பு விலங்கை விவரித்தார். பல ஆண்டுகள் கழித்து, அவர் திரட்டி வைத்திருந்த பாறைகளிலிருந்து பிரித்தெடுத்த மண்டையோட்டில் இந்தத் தடியிதழ் வெளிப்பட்டது. திமிங்கிலத்தின் நெருங்கிய உறவு என்று 2007-இல் அறிவிக்கப்பட்டது அந்தத் தரைவிலங்குதான்.

செவிச்சோழியும் அதை ஒட்டிய ‘செவிசூழ் எலும்பும்’ சேர்ந்த இணை, நம்மில் இருப்பதுபோல் மண்டையோட்டோடு ஒன்றிப்போனதல்ல. பல்திமிங்கிலத்தில் சுற்றிலும் காற்றறைகள் இருக்க, அது தசைநார்களால் தொங்குகிறது. கீழ்த்தாடைக் கொழுப்பின் வழியே வரும் ஒலி இரண்டு காதுகளுக்கும் தனித்தனியே போய்ச் சேர அந்த விலகல் உதவுகிறது. உடல் அழுகியதும் கழன்று விழுந்துவிடுவதும் இதனால்தான். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் ஆழ்கடல் தரையிலிருந்து திமிங்கிலக் காதெலும்புகளைத் தனியாக வாரி எடுத்திருக்கிறது. செவிச்சுருள் இருப்பது செவிசூழ் எலும்புக்குள், செவிச்சோழிக்குள் அல்ல. வரைவில் இரண்டு இடங்களில் இது மாறியிருக்கிறது.

‘புரி’யை முன்வைக்கும் நானே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சுருளின் திசையைக் குறிக்க வலம்புரி, இடம்புரி என்று எழுதிவிடாதீர்கள். சங்கின் கூர்நுனியை மேலே வைத்து வாயைத் தம் பக்கம் திருப்பி, வாய் வலப்பக்கம் இருந்தால் வலச்சுருள் என்பது விலங்கியலார் முறை. நம் கடலில் கிடைக்கும் சங்கு ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான். அதைத்தான் நாம் இடம்புரி என்கிறோம். கோயிலில் வைத்துப் பூசிக்கும் அரிய வலம்புரி, அவர்கள் கணக்கில் இடச்சுருள். சங்கைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பது நம் வழக்கம். குற்றம் யாருடையதும் இல்லை. போதாக்குறைக்கு இடக்காதின் செவிச்சுருளும் வலக்காதின் செவிச்சுருளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ‘வலச்சுருள்’, ‘இடச்சுருள்’ என்றே எழுதி, எந்தக் காது என்பதையும் சேர்த்து எழுதினால் வம்பு இல்லை.

விலங்குகளின் பெயரில் இருக்கும் குழப்பத்தை அண்ணாச்சி சரியாகவே பிடித்தார். நம் கரையில் ஓங்கிலையும் கடற்பன்றி என்று சொல்பவர்கள் உண்டு. கட்டுரையில் கூம்புப் பல் உள்ளது ஓங்கில், மண்வெட்டி அலகு போன்ற தட்டைப் பல் உள்ளது கடற்பன்றி என்று முதல் பக்கத்திலேயே வரையறுத்துவிடலாம். இந்தச் சொற்கள் நம் கரைக்கும் வேண்டியவை. 1973 ஜனவரியில் தூத்துக்குடிக்குத் தெற்கே மணப்பாட்டுப் பக்கம் 147 திமிங்கிலங்கள் கரையேறின. 2016 ஜனவரியில் அதே கரையில் மறுபடியும் பெருங்கூட்டம் ஒதுங்கியது. குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலங்களான இவை ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தவை. கரையொதுங்கிய பல்திமிங்கிலங்கள் சிலவற்றுக்குக் காது மந்தமாக இருந்ததை 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இறந்த சில மணி நேரத்துக்குள் உட்செவியைப் பதப்படுத்தாவிட்டால் உணர்செல்கள் சிதைந்துவிடும். பிறகு எதையும் தெரிந்துகொள்ள வழியில்லை. அடுத்த முறை கரையில் நின்று குறிப்பெடுப்பவர் கையில் தமிழில் ஒரு படிவம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதில் ‘செவிச்சோழி: இடம் / வலம்’ என்று இருந்தால் உதவிக்கு வரும் மீனவருக்கும் எதை வெட்டி எடுக்க வேண்டும் என்று புரியும்.

ஒன்று மட்டும் எனக்கு அகப்படவில்லை. செவிச்சுருளின் புரிகள் எல்லாம் நடுவே ஓர் எலும்புத் தண்டைச் சுற்றித்தான் ஏறுகின்றன. ‘நடுத்தண்டு’ என்று எழுதலாம், ஆனால் உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது. சங்கை அறுத்தால் உள்ளே அதே போன்ற தண்டு தெரியும். அதற்குச் சங்கு குளிப்பவர்களும் சங்கு அறுப்பவர்களும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அண்ணாச்சி அடுத்த வாரம் தூத்துக்குடி போகும்போது விசாரித்து எழுத முடியுமா? அதுவரை தம்பி அந்த இடத்தைக் காலியாக விட்டுவைக்கட்டும்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து