ஆர்ஏஎஸ் (நீரைச் சுத்திகரித்துத் திரும்பச் சுற்றவிடும் மீன் வளர்ப்பு) தொட்டி: ஆக்சிஜன் 6 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) இருந்தும் திலேப்பியா மேலே வந்து வாய் திறக்குது

தொட்டிநீர்:
வணக்கம். மொத்த நீர் 20,000 லிட்டர். திலேப்பியா 250 கிலோ, தினம் 5 கிலோ தீவனம் (புரதம் 32%). கசடை வடிக்கும் டிரம் ஃபில்டர், அதற்கு அடுத்து 1 கன மீட்டர் மிதக்கும் மீடியா (பாக்டீரியா ஒட்டி வளரும் துண்டுகள்) போட்ட பயோஃபில்டர். இது ஐந்தாவது வாரம். இன்றைய அளவு: அம்மோனியா 0.8, நைட்ரைட் 5, காரத்தன்மை (பிஹெச் இறங்காமல் தாங்கும் திறன்) 40, மூன்றும் பிபிஎம்மில்; பிஹெச் 6.5, வெப்பம் 28 டிகிரி. டிஓ (கரைந்த ஆக்சிஜன்) மீட்டர் 6 காட்டுது, ஆனாலும் மீன்கள் தண்ணீர் விழும் இடத்தில் கூடி வாய் திறக்குது. மீடியா பழுப்பாகி வழவழன்னு இருக்கு. அதை அலசி, பாதித் தண்ணீரையும் மாற்றிவிடலாமா?

செவுள்:
மீடியாவைத் தொடாதீங்க. அந்த வழவழப்பில்தான் உங்களுக்கு வேண்டிய பாக்டீரியா குடியிருக்கு. ஃபில்டர் அளவும் சின்னது இல்லை: 5 கிலோ தீவனத்திலிருந்து நாளுக்குச் சுமார் 150 கிராம் அம்மோனியா நைட்ரஜன் வரும். உங்க மீடியா கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர் பரப்பு உள்ள வகை என்றால், சதுர மீட்டருக்கு 0.3 கிராம்தான் சுமை. முதிர்ந்த ஃபில்டர் அதைத் தாங்கும். உங்களுடையது இன்னும் முதிரலை. அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் கூட்டம் முதலில் பெருகிடும். நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் கூட்டம் பின்தங்கித்தான் வரும்.

டிஓ இருந்தும் மூச்சுத் திணறக் காரணம் ரத்தத்தில் இருக்கு. செவுளில் குளோரைடு நுழையும் வழியிலேயே நைட்ரைட்டும் நுழைஞ்சு, ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவமா மாற்றிடும். ஒரு மீனைப் பிடிச்சுச் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்க. சிவப்புக்குப் பதில் சாக்லேட் நிறம் என்றால் சந்தேகமே வேண்டாம்.

மருந்து உப்புதான். நைட்ரைட்-நைட்ரஜனைப் (நைட்ரைட்டில் உள்ள நைட்ரஜன் மட்டும்) போல 20 மடங்கு குளோரைடு வேணும். உங்க 5 என்பது நைட்ரஜன் கணக்கா, நைட்ரைட் கணக்கா என்று கிட் தாளில் பாருங்க. நைட்ரைட் கணக்கு என்றால் 3.3-ஆல் வகுக்கணும். தெரியும் வரை நைட்ரஜன் என்றே வெச்சுக்குவோம்: 100 பிபிஎம் குளோரைடு. உப்பில் குளோரைடு 60% என்பதால் 1,000 லிட்டருக்கு 165 கிராம், உங்களுக்கு 3.3 கிலோ. வாளியில் கரைச்சு, சம்ப்பில் (நீர் சேரும் குழியில்) இரண்டு மணி நேரமா ஊற்றுங்க. தீவனத்தை இரண்டு நாள் நிறுத்தி, பிறகு பாதி அளவில் தொடங்குங்க. அதுக்கு மேல் நிறுத்தினால் பாக்டீரியாவுக்கும் பட்டினி.

நீரோட்டம்:
உப்பு இன்றைக்கு மீனைக் காப்பாற்றும். ஆனா ஃபில்டர் முடங்கிக் கிடப்பது காரத்தன்மை 40-க்கு வந்ததால்தான். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற 7 கிராமுக்கு மேல் காரத்தன்மை கரையும். 120-க்கு ஏற்ற, 20,000 லிட்டருக்கு 2.7 கிலோ சமையல் சோடா. மொத்தமா ஒரே வேளையில் கொட்டாதீங்க. பிஹெச் 6.5-லிருந்து 7.5-க்குப் போனால் அம்மோனியாவில் நச்சுப் பங்கு சுமார் பத்து மடங்கு ஆகும். உங்க 0.8-க்கு 7.5 வரை பயமில்லை. 8-க்குப் போனால் ஆபத்து. மூன்று நாளுக்குப் பிரிச்சுப் போடுங்க. பிறகு கிலோ தீவனத்துக்கு 200 கிராம் என்று தொடங்கி, தினமும் காரத்தன்மை பார்த்துக் கூட்டிக் குறைங்க.

இன்னொன்று: இந்த பிஹெச்சும் காரத்தன்மையும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு 25 பிபிஎம் அளவில் இருக்கும். அதுவும் மீனுக்கு மூச்சுத் திணறலைக் கூட்டும். ஒரு வாளி தொட்டி நீரில் ஏர் ஸ்டோனை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிஹெச்சை அளந்து பாருங்க. அந்த வாயு வெளியேறினால் பிஹெச் ஏறும்.

தண்ணீர் மாற்றுவதென்றால் ஒரு வேளைக்கு 20–30% போதும். குளோரின் இல்லாத நீராக இருக்கணும், இல்லையென்றால் ஃபில்டரே செத்துடும். வெளியே போகும் நீரோடு உப்பும் போகும். அந்த அளவுக்குத் திரும்பப் போடுங்க.

தொட்டிநீர்:
செவுள் சாக்லேட் நிறம்தான். கிட் காட்டுவது நைட்ரைட் கணக்கு, அப்போ நைட்ரஜன் 1.5. வாளியில் பிஹெச் 6.5-லிருந்து 7.3 ஆச்சு. டிகாஸிங் டவர் (நீரில் கரைந்த வாயுவை வெளியேற்றும் அமைப்பு) இல்லை, தண்ணீர் பைப் வழியா நேரே தொட்டிக்குள் மூழ்கி விழுது.

செவுள்:
அப்போ உப்பு 1 கிலோவே போதும், 3.3 போட்டிருந்தாலும் கெடுதல் இல்லை.

நீரோட்டம்:
பிஹெச் ஏறியதால் கார்பன் டை ஆக்சைடும் உறுதி. பைப்பைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, ஓட்டை போட்ட தட்டு வழியா ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சிதறி விழ வையுங்க. கீழிருந்து மேலே ஒரு ப்ளோயர் காற்று ஊதணும். கொட்டகைக் கதவு மூடியிருந்தால் அந்த வாயு உள்ளேயே சுற்றித் திரும்பத் தண்ணீரில் கரையும், அதனால் எக்ஸாஸ்ட் ஃபேனையும் சேர்த்தே போடுங்க. பயோஃபில்டரை விட்டு வெளியே வரும் நீரில் டிஓ பாருங்க. 4-க்குக் கீழே என்றால் காற்றைக் கூட்டணும். மீடியா நகராமல் தேங்கும் மூலை இருந்தால் அங்கே கசடு சேரும். அந்த மூலைக்கு மட்டும் தனி ஏர் லைன் கொடுங்க.