மங்கோலியப் புல்வெளி: பொதுவாகவே இருக்கட்டுமா, பங்கிட்டுத் தரலாமா?

பொருநை:
மேய்ச்சல் நிலத்தைத் தனியுடைமையாக்க மங்கோலியாவின் 1992ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் அதே காலத்தில், சோசலிச ஆட்சியில் மந்தைகளைப் பொதுவில் வைத்திருந்த கூட்டுப்பண்ணைகள் கலைக்கப்பட்டு, கால்நடைகள் குடும்பங்களின் சொத்தாயின. நிலம் எல்லோருக்கும், மந்தை அவரவருக்கு என்று ஆனபின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. 1990இல் சுமார் 2.6 கோடியாக இருந்த கால்நடைகள் 2019இல் 7 கோடியை எட்டின. காஷ்மீர் கம்பளிக்காக வளர்க்கப்படும் வெள்ளாடுகள் மட்டும் ஏறக்குறைய 50 லட்சத்திலிருந்து 2.9 கோடிக்கு உயர்ந்தன. இத்தனை வாய்களுக்குப் புல் போதாமல் கோடையில் கொழுக்காத மந்தையால் கடுங்குளிரைத் தாங்க முடியாது. குளிர்கால முகாம் அமைக்கும் இடத்துக்கு இப்போதே குடும்பங்கள் அனுபவ உரிமைச் சான்று பெறுகின்றன. அதைச் சுற்றியுள்ள புல்வெளியையும் நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டால் அதைக் காப்பதில் அவர்களுக்கே அக்கறை பிறக்கும் என்பது என் வாதம்.

நெடுவழி:
பொருநை அவர்களே, எல்லைக்கு அப்பால் சீனாவின் உள் மங்கோலியாவில் 1980களிலிருந்து இதைத்தான் செய்தார்கள். குடும்பங்களுக்கு நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டது, கம்பிவேலி வந்தது, ஒரே துண்டு நிலத்தில் ஆண்டு முழுவதும் மேய்ந்ததால் அங்கும் புல்வெளி சீரழிந்தது. மழை ஓரிடத்தில் பெய்து அடுத்த பள்ளத்தாக்கில் பொய்க்கும் நாட்டில், வேலிக்குள் அடைபட்ட குடும்பம் வறட்சியையும் உள்ளேயே அனுபவிக்க வேண்டியதுதான்.

விலங்குகளுக்குள் இருக்கும் உறவையும் வேலி அறுத்துவிடும். மங்கோலிய இடையர்கள் குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு என்று ஐந்தையும் சேர்த்து வளர்ப்பதற்குக் காரணம் உண்டு. பனி மூடிய நிலத்தில் குதிரை முன்னங்காலால் பனியைப் பறித்துப் புல்லை வெளிக்கொணர்ந்து மேயும். ஆழமான பனியைத் தானே தோண்ட இயலாத செம்மறி, குதிரையின் பின்னால் வந்து மிச்சத்தை மேயும். குதிரைகளோ ஒரு பொலிகுதிரையின் காவலில் தொலைதூரம் திரிபவை. சவாரிக்கு வேண்டியபோதுதான் நீண்ட கழியின் நுனியில் கட்டிய சுருக்குக் கயிற்றால் ஒன்றைப் பிடிப்பார்கள். ஒரு குடும்பத்தின் துண்டு நிலத்துக்குள் இந்த வாழ்க்கையை எப்படி அடக்குவீர்கள்?

தேன்மொழி:
இருவரும் நிலத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். வசந்தத்தில் வெள்ளாட்டைப் படுக்கவைத்து, கால்களைக் கட்டி, வளைந்த பற்களுள்ள சீப்பால், காஷ்மீர் கம்பளியாகும் அடிமயிரைப் பொறுமையாகச் சீவி எடுப்பார்கள். ஓர் ஆட்டிலிருந்து கிடைப்பது 250 முதல் 300 கிராம்தான். பிள்ளையின் படிப்பு, மோட்டார்சைக்கிளுக்குப் பெட்ரோல், குளிர்காலத்துக்கு வாங்கும் வைக்கோல், வங்கிக் கடனின் தவணை என எல்லாம் பெரும்பாலும் அந்தப் பணத்தை நம்பியே இருக்கின்றன. கம்பளி விலை விழுந்தால் ஆட்டின் எண்ணிக்கையைக் கூட்டுவதன்றி வேறு வழி தெரியாத குடும்பத்தைப் பார்த்து, ‘வெள்ளாடு புல்வெளியை அழிக்கிறது’ என்று சொல்வது எனக்கு அநியாயமாகவே படுகிறது. இறைச்சிக்கும் செம்மறிக் கம்பளிக்கும் நல்ல விலையும் சந்தையும் கிடைத்தால் வெள்ளாடு தானாகக் குறையும்.

பொருநை:
விலை உயர்ந்தால் மந்தை குறையும் என்று நம்ப முடியவில்லை, தேன்மொழி. உயர்ந்த விலைக்காகவே இன்னும் பெருக்குவோர் உண்டு. நெடுவழி போற்றும் இடப்பெயர்வும் இன்று எல்லோருக்கும் சமமாக வாய்ப்பதில்லை. கூட்டுப்பண்ணைக் காலத்தில் வண்டியும் வைக்கோலும் பொதுவில் கிடைத்தன, கிணறுகளைப் பராமரிக்க ஆள் இருந்தது. இப்போது சொந்தமாக லாரி வைத்திருப்பவர் ஆயிரம் ஆடுகளோடு நல்ல புல்லை நோக்கி முதலில் போய்விடுகிறார். நூறு ஆடு உள்ளவர் கிணற்றடியிலேயே தங்கிவிட, அங்கே தரை மொட்டையாகிறது. கோடையெல்லாம் யாரும் தொடாமல் விட்டிருந்த குளிர்காலப் புல்லை, வெளி மாவட்டத்து மந்தை இலையுதிர் காலத்திலேயே வந்து மேய்ந்துவிட்டால், அந்தக் குடும்பம் யாரிடம் போய் முறையிடும்? 2009–10 குளிர்காலத்துப் பேரழிவில் கிட்டத்தட்ட ஒரு கோடி கால்நடைகள் மடிந்தபோது, இருந்த கொஞ்சத்தையும் இழந்த சிறுமந்தைக்காரர்கள் பலர் தலைநகர் உலான் பாட்டரின் விளிம்பில் கூடாரம் அடித்துக் குடியேற நேர்ந்தது.

நெடுவழி:
அந்தக் குடும்பத்துக்கு முறையிட ஓர் இடம் வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. அந்த இடம் குத்தகைப் பத்திரமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே பள்ளத்தாக்கைப் பயன்படுத்தும் குடும்பங்கள் கூடி, குளிர்காலப் புல்லை எந்த மாதம் வரை மூடி வைப்பது, வெளியூர் மந்தை வந்தால் எத்தனை நாள் அனுமதிப்பது என்று முடிவு செய்யட்டும். அந்த முடிவை மீறுவோரைத் தண்டிக்கும் அதிகாரத்தை மாவட்ட மன்றத்துக்குச் சட்டம் தரட்டும். கால்நடைத் தலைவரியும் இப்போது நடைமுறையில் இருக்கிறது. ஆயிரத்துக்கு மேல் வைத்திருப்பவரிடம் கூடுதலாக வசூலித்து, அந்தப் பணத்தில் தொலைவிலுள்ள புல்வெளிகளில் கிணறு வெட்டினால், நீங்கள் சொன்ன நூறு ஆட்டுக்காரரும் கிணற்றடியை விட்டு நகர முடியும். பெரிய மந்தைக்காரர்களின் செல்வாக்குக்கு அந்த மன்றங்கள் பணிந்துவிடும் என்று நீங்கள் கருதினால், அதே செல்வாக்கு குத்தகை நிலங்களைப் பங்கிடும்போது மட்டும் எப்படி விலகி நிற்கும் என்பதை விளக்குங்கள்.